அவர் எங்கள் ஆள் அல்லர்!

“அவர் எங்கள் ஆள் அல்லர்!”

நான்கே சொற்கள், தோழர்களே! வழக்கு வேண்டாம், விசாரணை வேண்டாம், வேலைநீக்க உத்தரவு என்று ஒரு துண்டுக் காகிதம்கூட வேண்டாம். இந்த நான்கு சொற்களைச் சொல்லிவிட்டால் போதும் — பத்தாண்டு பாடுபட்டவரின் உழைப்பு பதிவேட்டில் இல்லாமற் போகும். சங்கிலியில் சிக்கி நசுங்கிய விரல் எவர் கணக்கிலும் ஏறாது. மேற்பார்வையாளனின் இழிசெயலுக்கு ஆளான பெண்ணின் புகார், வாங்குவாரற்றுத் தெருவில் நிற்கும். மந்திரத்தால் மாங்காய் விழுமா என்று கேட்பார்கள். விழுகிறது! தூத்துக்குடித் துறைமுக வாயிலிலே, உப்பளத்து வரப்பிலே, கிடங்குகளின் வாசலிலே அன்றாடம் விழுகிறது.

எப்படி விழுகிறது என்று பாருங்கள்.

வ. உ. சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகம் அது. 1974 ஜூலை 11இல் நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமாயிற்று. 2011இல் அந்தப் பெருமகனின் பெயர் சூட்டப்பட்டது. பெயர் சூட்டியதில் நமக்குப் பெருமகிழ்ச்சியே. ஆனால், அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்து உள்ளே நுழைகிறவர் யாருடைய தொழிலாளி என்று கேட்டுப் பாருங்கள்! துறைமுகம், மத்திய சர்க்காரின் கீழுள்ள ஆணையத்தினுடையது. கப்பல் அணையும் தளங்களிற் சில, குத்தகையில் தனியார் கைக்குப் போய்விட்டன. சரக்கை ஏற்றி இறக்கும் பொறுப்பு அதற்கென உள்ள நிறுவனங்களிடம். அவர்களுக்கு ஆள் கொண்டுவருபவர் ஒப்பந்தக்காரர். கொண்டுவந்த ஆட்களில் எவர் இன்று உள்ளே போகலாம், எவர் வீடு திரும்பலாம் என்று கைகாட்டுபவர் மேஸ்திரி. ஆக, ஐந்து படி! இலாபம் மேலே ஏறும்போது ஐந்தும் சேர்ந்து ஒரே ஏணி. நியாயம் கேட்டு ஒருவர் கீழிருந்து ஏறும்போதோ, ஒவ்வொரு படியும் ஒரு தனி வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதவு. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலிருந்தும் அதே நான்கு சொற்கள்!

இரும்புச் சுருளை இறக்கும்போது சங்கிலி நழுவி ஒருவருடைய விரல் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விரலுக்கு விலை உண்டு. கேலிக்காகச் சொல்லவில்லை, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், ஓர் அட்டவணையே போட்டு வைத்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு. சுட்டுவிரல் முழுவதும் போனால் 14. நடுவிரலுக்கு 12. மோதிரவிரலோ சுண்டுவிரலோ என்றால் 7. துரோணர் கட்டைவிரலைக் கேட்டு வாங்கினாரே, ஏகலைவனுக்கு விழுக்காடு கணக்கிட்டா கொடுத்தார்? அந்த அளவுக்கு நாம் முன்னேறியிருக்கிறோம், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்! அட்டவணை கூடாது என்பதல்ல நம் வாதம். அந்தப் பணம் தேவை. அதையும் ஏய்க்கப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த அட்டவணையில் ஒரு வரி விடுபட்டுப் போயிருக்கிறது. நடுவிரலை இழந்தவர், மிச்சமுள்ள 88 விழுக்காட்டுத் திறனோடு இரண்டு மாதம் கழித்து வாயிலில் வந்து நிற்கும்போது, மேஸ்திரி அவரை நோக்கிக் கைகாட்டுவாரா? அந்த வரிதான் இல்லை! அட்டவணையில் பன்னிரண்டாக இருந்தது, வாயிலுக்கு வந்ததும் நூறாகிவிடுகிறது.

“கை நன்றாக ஆறட்டும், சொல்லி அனுப்புகிறோம்” என்பார்கள். சொல்லும் வராது, ஆளும் வராது. அவரை நீக்கினார்களா? இல்லை. அழைக்கவில்லை, அவ்வளவே! நீக்கப்பட்டவருக்கு நீதிமன்றம் உண்டு. அழைக்கப்படாதவருக்கு எது உண்டு?

சட்டத்தை எழுதியவர்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுச் சட்டம் ஆட்குறைப்புக்கு இலக்கணம் வகுத்தபோது, தொடர்ந்த உடல்நலக்குறைவுக்காக ஒருவரை அனுப்பிவிடுவது ஆட்குறைப்பாகாது என்று ஒரு விலக்கை உடனேயே சேர்த்து வைத்திருந்தது. 1984இல் திருத்தம் வந்தது; ஒப்பந்தக் காலம் முடிந்து அதைப் புதுப்பிக்காமல் விடுவதும் ஆட்குறைப்பாகாது என்றார்கள். அந்தச் சட்டத்தின் இடத்துக்கு, 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதிலும் புதுப்பிக்காமை ஆட்குறைப்பன்று; போதாக்குறைக்கு, குறித்தகால வேலை என்று ஒரு வகையையே சட்டப்படி நிறுவி, காலம் முடிந்தால் அதுவும் ஆட்குறைப்பன்று என்று எழுதிவிட்டார்கள். உடல் குறைபட்டவரையும் வாய் திறந்தவரையும் அப்புறப்படுத்த இதைவிடச் சௌகரியமான வழி வேண்டுமா?

“ஏன், ஊனமுற்றோருக்கென்று தனிச் சட்டம் இருக்கிறதே!” என்று நல்லெண்ணம் படைத்த நண்பர்கள் நினைவூட்டுவார்கள். இருக்கிறது. நல்ல சட்டம். பணிக்காலத்தில் ஊனமுற்றவரைப் பணியிலிருந்து அகற்றக் கூடாது, பதவி குறைக்கவும் கூடாது என்று 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவு கூறிற்று. அதை வைத்துத்தான் உச்சநீதிமன்றம், கால் துண்டிக்கப்பட்ட ஒரு காவல்படை வீரரைக் கைவிட்ட சர்க்காரை, குணால் சிங் வழக்கில் 2003இல் திருத்திற்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதே பாதுகாப்பை 20ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. பழைய வேலை இயலாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை; வேறு வேலை காலியில்லையானால், ஒரு மிகைப் பணியிடத்தை உண்டாக்கியாவது வைத்திரு என்கிறது சட்டம். இதைவிடத் தெளிவாக எவர் எழுதுவார்?

ஆனால், அந்தப் பிரிவின் தொடக்கச் சொல்லைப் படியுங்கள். “சர்க்கார் நிறுவனம்” என்று இருக்கிறது. துறைமுக ஆணையம் சர்க்கார் நிறுவனம். ஒப்பந்தக்காரர்? அவர் சர்க்காரும் அல்லர், பல வேளைகளில் நிறுவனமும் அல்லர். ஒரு கைப்பை, ஒரு கைப்பேசி, ஒரு முத்திரைக் கட்டை! ஆகவே, தூத்துக்குடியில் ஒரே தளத்தில், ஒரே கப்பலின் நிழலில், ஒரே சங்கிலி அறுந்து இருவர் கால் முறிந்தால், ஆணையத்தின் ஊழியருக்கு 20ஆம் பிரிவு ஊன்றுகோலாக வரும். ஒப்பந்த ஊழியருக்கு மூங்கில் ஊன்றுகோல்தான். எலும்பு இருவருக்கும் ஒன்றுதானே, ஐயா! முறியும்போது அது நிரந்தரமா, தற்காலிகமா என்று கேட்டுக்கொண்டா முறிந்தது?

துறைமுக வேலைக்கு வலுவான உடல் வேண்டாமா என்று ஒரு கேள்வியைப் போடுவார்கள். மூட்டை முதுகில் ஏறிய காலத்தில் இக்கேள்விக்கு ஓரளவு மதிப்பு இருந்தது. இன்று பெட்டகத்தைத் தூக்குவது பளுதூக்கி. எண்ணிக்கை எடுக்க ஆள் வேண்டும், எடைமேடையில் ஆள் வேண்டும், வாயிற்சீட்டு எழுத, கணினியில் பதிய, கருவிகளைக் கணக்கு வைக்க ஆள் வேண்டும். ஒரு விரல் குறைந்தவர், ஒரு கால் தாங்கி நடப்பவர், ஒரு காது மந்தமானவர் செய்யக்கூடிய வேலை இன்றுள்ள துறைமுகத்தில் உள்ளதுபோல் என்றுமே இருந்ததில்லை. 2021இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம், கடைகளில் நாளெல்லாம் நின்று வேலை செய்வோர்க்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. ஓர் இருக்கை! அதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பது வெட்கம். வந்தது என்பது ஆறுதல். கடைக்கு வந்த இருக்கை கடற்கரைக்கு வரக் கூடாதா?

உப்பளத்தின் கதை இன்னும் கொடியது. அங்கே, விபத்து நேர்ந்தது இன்ன நாளில் என்று தேதி குறிக்கவே முடியாது. வெறுங்காலோடு பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவரின் பாதம் ஒரே நாளில் புண்ணாவதில்லை. வெண்மையின் கூச்சத்தில் கண் ஒரே நாளில் மங்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லப் பறிபோகும் உடல் அது. பார்வை குறைந்தது என்று சொன்னால், “அப்படியானால் வேலைக்கு வராதே” என்பதே கங்காணியின் மருத்துவம். அதனால் சொல்லாமல் மறைக்கிறார்கள். மறைத்துக்கொண்டே அம்பாரத்தில் ஏறுகிறார்கள். இந்த உப்பளங்களுக்கு நேரில் வந்து பார்த்து எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ நாவல் 1979இல் வெளிவந்தது. கூலிக் குறைவை மட்டுமல்ல, அளத்தில் பெண் படும் பாட்டையும் அது சொல்லிற்று. சொல்லி நாற்பதாண்டுகளுக்கு மேலாயிற்று.

பெண்கள் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ஏனெனில், இங்கேதான் நான்கு சொல் மந்திரத்தைச் சட்டமே முறித்து வைத்திருக்கிறது; நம்மில் பலருக்கு அது தெரியாது. பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013இல் வந்த சட்டம், யார் ஊழியர் என்று சொல்லும்போது, நிரந்தரமானவர், தற்காலிகமானவர், நாட்கூலி, ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர், பயிற்சிக்கு வந்தவர் என்று எல்லோரையும் அடுக்கிவிட்டு, முதன்மை முதலாளிக்குத் தெரிந்து வந்தாலும் தெரியாமல் வந்தாலும் ஊழியரே என்று ஆணியடித்தாற்போல் சொல்கிறது. “எங்களுக்குத் தெரியாது, அவர் எங்கள் ஆள் அல்லர்” என்ற வாசகம் இந்தச் சட்டத்தின் முன் செல்லாக் காசு! பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த இடமானால், அல்லது புகாரே முதலாளி மீதானால், மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

இந்தச் சட்டத்தின் ஊற்றுக்கண் எது தெரியுமா? ராஜஸ்தானத்துக் கிராமமொன்றில் குழந்தை மணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் கொடுமைக்காளான பன்வாரி தேவி என்னும் பெண்மணி. அவர் சர்க்கார் திட்டத்துக்காக உழைத்தவர்; ஆனால் சர்க்காரின் நிரந்தர ஊழியர் அல்லர்; மதிப்பூதியம் என்ற பெயரில் சொற்பத் தொகை பெற்றவர். அவருக்கு நேர்ந்த அநீதியையொட்டித் தொடுக்கப்பட்ட விசாகா வழக்கில்தான் 1997இல் உச்சநீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. நிரந்தரப் பணியிலிருக்கும் பெண்களுக்கு இன்றுள்ள பாதுகாப்பு, ஒரு தற்காலிக ஊழியப் பெண்ணின் கண்ணீரிலிருந்து பிறந்தது! அந்தப் பாதுகாப்பு தற்காலிகப் பெண்களை எட்டும்போது மட்டும் ஏன் தேய்ந்துவிடுகிறது?

மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்கிறது சட்டம்; தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம். புகார் தருவதென்றால் எழுத்தில். எழுத்தில் என்றால் பெயரோடு. பெயர் தெரிந்தால் மறுநாள் மேஸ்திரியின் கை அந்தத் திசையில் நீளாது. கூலி இன்றைக்கு வேண்டும், நீதி மூன்று மாதம் கழித்து வரும். இரண்டில் எதை எடுப்பாள் ஏழைப் பெண்? திண்டுக்கல் மாவட்டத்து ஏற்றுமதி ஆடை ஆலையொன்றில் பணியாற்றிய இருபது வயது தலித் பெண்ணொருவர் 2021 ஜனவரியில் கொலையுண்டு கிடந்தார். கைதானவர் அந்த ஆலையின் மேற்பார்வையாளர். அவரால் அப்பெண் தொல்லைக்கு ஆளாகியிருந்தார் என்று குடும்பத்தாரும் உடன் உழைத்தவர்களும் கூறினார்கள். தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் என்னும் பெண்கள் தலைமையிலான சங்கம் விடவில்லை. கடல் கடந்த ஆடை வணிக நிறுவனத்தையும் பேச்சுவார்த்தைக்கு இழுத்துவந்து, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் உடன்படிக்கையைக் கண்டது. தொழிலாளப் பெண்களிலிருந்தே கண்காணிப்போர் அமர்த்தப்பட்டார்கள். புகார் தந்தவரைப் பழிவாங்குவது உடன்படிக்கை மீறல் என்றாயிற்று. மந்திரம் முறியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு, தோழர்களே, தொலைவிலும் இல்லை.

ஊனத்தைச் சொல்லி இழித்தழைப்பதும் வேடிக்கையென்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் சிலர். பெயர் சொல்லிக் கூப்பிடாமல் குறையைச் சொல்லிக் கூப்பிடுவது கிடங்குகளில் வாடிக்கை. நாம் ‘மாற்றுத்திறனாளி’ என்று பெயரை மாற்றினோம்; வாய் மாறவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, பலர் பார்க்க ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்துபவருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. இது சர்க்கார் நிறுவனத்துக்கு மட்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. கங்காணிகள் படித்து வைத்துக்கொள்வது நல்லது.

கொற்கை முத்தின் புகழை மேடைதோறும் பேசுகிறோம். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மாலுமியொருவன் எழுதிவைத்த ‘பெரிப்ளுஸ்’ என்னும் பயணக் குறிப்பிலும் பாண்டியனின் கொற்கை இடம் பெற்றிருக்கிறது. முத்தெடுக்க அங்கே மூழ்கியவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று அவன் குறித்திருப்பதை மட்டும் நாம் மேடையில் சொல்வதில்லை! முத்து அரசனின் கழுத்துக்கு. மூச்சு முட்டுவது பேரற்றவனுக்கு. அந்த ஏற்பாடு அப்போதே இருந்திருக்கிறது. பிற்காலத்தில் சென்னை சர்க்கார் நடத்திய சலாபங்களில் குளியாளிக்கு மூன்றில் ஒரு பங்கு சிப்பி கிடைத்தது. கடைசிச் சலாபம் 1961இல் முடிந்தது. செவிப்பறை கிழிந்த குளியாளிக்கு எவர் என்ன கொடுத்தார் என்று எந்த அறிக்கையைப் புரட்டிக் காண்பது?

ஆயினும் அந்தத் தொழிலில் ஒரு நேர்மை இருந்தது. மூழ்குகிறவன் தன் இடுப்புக் கயிற்றை மைத்துனன் கையில் கொடுத்துவிட்டுத்தான் மூழ்குவான் என்பது இக்கரையில் வழங்கிவரும் பேச்சு. அக்காள் தாலியோ தங்கை தாலியோ அந்தக் கயிற்றில் தொங்குகிறது. அவன் கைநழுவ விட மாட்டான். ஒப்பந்தத் தொழிலாளியின் கயிறு யார் கையில் இருக்கிறது? ஐந்து படியிலும் தேடிப் பாருங்கள். நுனி எவர் கையிலும் இல்லை!

நுனியைப் பிடித்த ஊர்தான் இது. 1908 பிப்ரவரி 27இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள், ஊரே நின்றது. ஆலைக்காரர்களுக்கு ஆதரவாகப் பேசியவருக்குப் பாதி முகம் மழித்த நிலையில் நாவிதர் கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்துவிட்டார் என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை வந்தது. மார்ச் 12இல் தலைவர்கள் கைதானார்கள். சிதம்பரனார் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். அந்தத் தொழிலாளர் எவருடைய கையிலும் நிரந்தர ஆணை இருந்ததில்லை, தோழர்களே! நாவிதர் அதைக் கேட்டுக்கொண்டா எழுந்தார்?

வாயிலில் நின்று கைகாட்டும் முறையை ஒழிக்க வழி தெரியாமலும் இல்லை. இலண்டன் துறைமுகத் தொழிலாளர் 1889இலேயே அதற்கெதிராகப் போராடினர். பிரிட்டனில் 1947இல் பதிவுத் திட்டம் வந்தது, 1989இல் அதைக் கலைத்தார்கள். நம் நாட்டில் 1948இல் கப்பல்துறைத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன்கீழ் பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களில் வாரியம் அமைத்து, தொழிலாளியின் பெயரைப் பதிவேட்டில் எழுதி, முறைவைத்து வேலை கொடுத்தார்கள். வேலையில்லாத நாளுக்கும் வருகைப்படி உண்டு. மேஸ்திரியின் கையைப் பதிவேடு மடக்கிற்று! 1997இல் இன்னொரு சட்டம் இயற்றி, பெருந்துறைமுகங்களில் அந்த வாரியங்கள் மறைய வழிசெய்தார்கள். கை மறுபடியும் நீண்டுவிட்டது.

“தற்காலிகமானவர் நிரந்தர உரிமை கேட்கலாமா? உமாதேவி வழக்கில் 2006இலேயே உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டதே!” என்று வழக்கறிஞர் மொழியில் வருவார்கள். ஆம், 2001இல் ஒப்பந்தமுறை ஒழிந்தாலும் தானாக நிரந்தரமாகாது என்றும் அம்மன்றம் சொல்லியிருக்கிறது. அதே தீர்ப்பில், ஒப்பந்தம் வெறும் திரையானால் திரையைக் கிழித்துப் பார்க்கலாம் என்றும் சொன்னது. அதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். மத்திய நீர் ஆணையத்தில் ஆண்டுக்கணக்காய்த் துப்புரவும் தோட்ட வேலையும் செய்தவர்களைத் தற்காலிகம் என்று சொல்லித் தள்ளியது செல்லாது என்று 2024 டிசம்பரில் தீர்ப்பளித்ததும் அதே மன்றம். ஆனால், இன்று நாம் கேட்பது நிரந்தரப் பணி ஆணைகூட அல்ல. அதற்கான போராட்டம் தனியே நடக்கட்டும். அடிபட்டதற்காகவும் புகார் சொன்னதற்காகவும் ஒருவரை அழைக்காமல் விடாதே என்பதே கோரிக்கை. இதற்கு எந்தத் தீர்ப்பு குறுக்கே நிற்கிறது?

துறைமுக ஆணையம் தளத்தைக் குத்தகைக்கு விடும்போதும், வேலையை ஒப்பந்தத்துக்கு விடும்போதும் நிபந்தனைத் தாள் எழுதுகிறது. எத்தனை டன், எத்தனை மணி, தாமதமானால் எவ்வளவு அபராதம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறது. அதில் இன்னும் சில வரி எழுதட்டும். உள்ளே வேலை செய்யும் ஒவ்வொருவர் பெயரும் ஆணையத்தின் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறினாலும் பெயர் மாறக் கூடாது. வேலையில் ஊனமுற்றவருக்கு அதே கூலியில் இயன்ற வேலை, ஒப்பந்தக்காரர் தராவிட்டால் ஆணையம் தர வேண்டும். புகார் கொடுத்தவர் அடுத்த ஆறு மாதத்துக்குள் அழைக்கப்படாமற் போனால், பழிவாங்கவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு ஒப்பந்தக்காரருடையது. உள்ளகக் குழுவின் பெயர்களும் மாவட்ட உள்ளூர்க் குழுவின் முகவரியும் தமிழில், வாயிலில், உட்புறமல்ல, வெளிப்புறத்தில் எழுதப்பட வேண்டும். அழைக்கப்படாதவர் நிற்கும் இடம் அதுதானே!

இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. தாள் அவர்களுடையது, பேனா அவர்களுடையது. அடுத்த ஒப்பந்தப்புள்ளி கோரும் அறிவிப்பு வெளியாகும் நாளில், நிபந்தனைத் தாளின் ஒரு படியை வாங்கி வரிவரியாகப் படித்துப் பார்க்கும்படி துறைமுகத்துத் தொழிற்சங்கத் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இந்த வரிகள் அதில் இல்லையானால், அன்று மாலையே வாயிலில் கூடுவோம்.